அன்று மழை பெய்தது

மார்ச் 3, ஞாயிறு

காலையில் முப்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஞாயிறன்றுதான் லேபில் கூட்டமே. "வலிக்குமா?" என்று கேட்காத ஆளில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் குத்திவிடுவேன். பதினாறு வருடமாக அதே எறும்பு.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வீட்டு மாடி. கீழே அவருடைய ஆஸ்பத்திரி, மேலே எங்கள் கூட்டம். பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், கீழே நோயாளிகள் உட்கார்ந்து தேய்ந்துபோன பதினாலு நாற்காலிகள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த இசைக்குழுவைப் பற்றிப் பேச வேண்டும். நேரில் கேட்ட நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இன்று கீச்சுவின் முறை. தையல் கடை வைத்திருக்கிறாள். குரல் அப்படி என்பதால் அந்தப் பெயர், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. 'மூணாவது கியர்' குழுவைப் பார்க்க முன்வரிசை வரை முண்டியடித்துப் போனாளாம். பாடகரின் வியர்வை அவள் கண்ணாடியில் தெறித்ததாம். நாலு நாள் துடைக்கவில்லையாம். "கண்ணு தெரியாம ரெண்டு ஜாக்கெட்டுக்குக் கையை மாத்தி வச்சுட்டேன்" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பல் டாக்டர் 'உப்புக்காகிதம்' கச்சேரியில் முழங்கை பட்டுப் பல் உடைந்த கதையை மறுபடியும் சொன்னார். போன முறை கீழ்ப்பல். இந்த முறை மேல்பல். யாரும் கண்டுகொள்ளவில்லை.

புதிதாக இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். வாத்தியார் என் பக்கம் திரும்பி, "மழையக்கா, இவங்களுக்கு ஒருதடவ சொல்லிடும்மா" என்றார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவின் இணையப் பக்கத்தை அவர்தான் நடத்துகிறார். எனக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

சொன்னேன். 'ஏழாம் மாடி' குழுவின் கடைசி நிகழ்ச்சி. இருபத்துநாலு வருடம் ஆகிறது. திறந்த மைதானம், நாலாயிரம் பேர். ஐந்தாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து, வெறும் தொண்டையில் பாடினார். நாலாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது மழை பிடித்தது. அவர் நிறுத்தவில்லை, ஒருவரும் நகரவில்லை. பதினெட்டாம் நாள் அவர்கள் வேன் லாரியில் மோதி, அவர் போய்விட்டார்.

"நான் அங்க இருந்தேன்" என்று முடிப்பேன் எப்போதும். ஒரு பெண் அழுதேவிட்டாள்.

நான் அங்கே இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம். முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

டிக்கெட் என்னுடையது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து வரிசையில் ஏழு மணி நேரம் நின்று வாங்கியது. கச்சேரியன்று அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஒருத்தி கூட இருக்க வேண்டும். "பெரியவ இருக்கட்டும்" என்றார் அப்பா, அவ்வளவுதான். தங்கை என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவு திறந்ததும் ஓடி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. செருப்பு, கால், பாவாடை விளிம்பு எல்லாம் காய்ந்த புழுதி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸ் இரண்டு முறை வந்து அதட்டினாள். கடைசியில் தங்கை, வாசலில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை என் கையில் வைத்து மூடினாள். "உன் டிக்கெட்தானக்கா. நீயே வச்சுக்க."

அதுதான் இப்போது சட்டம் போட்டு மாடிச் சுவரில் தொங்குகிறது.

முதலில் "என் தங்கச்சி போனா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் "நாங்க போனோம்". எப்போது "நான்" ஆனது? தெரியவில்லை. மழை மட்டும் எப்போது வந்தது என்று தெரியும். பழைய லேபில் ஒருவன் நான் சொல்லும்போது கொட்டாவி விட்டான். மழையைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

மார்ச் 16, சனி

தங்கை போன் செய்தாள். "அவரு வேற வீடு பாத்துக்கிட்டாருக்கா. அந்த வீட்ல வேற ஆளு இருக்கு. நான் உங்கிட்ட வரட்டுமா?" எத்தனை நாளைக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

வந்துவிட்டாள். இரண்டு பை, ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியில் துணி இருக்கும் என்று பார்த்தால், அவள் பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வரைந்த படங்கள். புருஷன் விட்டுப்போன ஒருத்தி எடுத்து வருகிற சாமானா இது?

மார்ச் 24, ஞாயிறு

"ஞாயித்துக்கிழமை எங்கக்கா போற?"
"லேப்ல ரெண்டாவது ஷிப்ட்."

ஏப்ரல் 5, வெள்ளி

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். "அக்கா! ஏழாம் மாடிக்கு இன்னமும் ரசிகர் கூட்டம் இருக்கு! இந்த ஊர்லயே! ஞாயித்துக்கிழமை கூடறாங்க!" வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. வாத்தியார் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததை எனக்கே படித்துக் காட்டினாள். 'மழையக்கா நேரில் கண்டது'. என் சொற்கள். என் மழை.

"மழையாம்! யாரோ நல்லா அள்ளி விட்டிருக்காங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் போய்ச் சொல்றேன் பாரு, உண்மையில என்ன நடந்துதுன்னு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அது நான்தான்டி, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே ஒரு வாக்கியம். அவள் இன்னும் நாலு சிரிப்புச் சிரித்திருப்பாள், முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

அவளுக்குப் புருஷன் கிடைத்தான், பிள்ளைகள் மொய்க்கிற வேலை கிடைத்தது, அந்தக் கச்சேரியும் கிடைத்தது. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து, என்னிடம் இருக்கிற ஒன்றைப் பிடுங்குவாளா?

ஏப்ரல் 6, சனி

வாத்தியாருக்கு போன் போட்டேன். லேபின் பின்பக்கம், ஊசிகள் போடுகிற சிவப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

"சார், நாளைக்கு என் தங்கச்சி வருவா. புருஷன் விட்டதிலேருந்து மனசு கொஞ்சம் சரியில்ல. சின்ன வயசிலேருந்தே எனக்கு நடந்ததை எல்லாம் தனக்கு நடந்ததாச் சொல்லிக்குவா. கொஞ்சம் பாத்துக்கங்க."

"அடடா. நீ கவலப்படாதம்மா. நாங்க பாத்துக்கறோம்."

போனை வைத்துவிட்டுப் போய் அடுத்த ஆளுக்குக் குத்தினேன், முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. அதுதான் ஆச்சரியம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நானும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறவள்தான் என்று வழியில் சொன்னேன். "சொல்லவே இல்லியே கள்ளி!" என்று தோளில் இடித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

மாடியேறியதும் கல்லூரிப் பெண் "மழையக்கா வந்தாச்சு" என்றாள். தங்கை நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். சுவரில் சட்டத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குக் கோபம் வரவில்லை — ஏதோ விளையாட்டு, நானே உடைத்துவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று நன்றாகத்தான் சொன்னாள். கரண்ட் போனதும் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டதை, பாடகருக்கு உச்சத்தில் குரல் உடைந்ததை, கூட்டமே அந்த ஒரு வரியைத் தாங்கிப் பிடித்துப் பாடியதை. எனக்கு மறந்தேபோயிருந்த விஷயங்கள். ஒரு நிமிஷம் நானும் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பாட்டுலம்மா கரண்ட் போச்சு?"

"ஆறாவது பாட்டு."

"அஞ்சாவது" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"மழை எப்ப பிடிச்சுது?" என்றார் பல் டாக்டர்.

"மழை பெய்யலியே சார். ஒரு சொட்டுகூட இல்ல."

சிரிப்பு. கீச்சு, "இந்த மாடியில நின்னுக்கிட்டு மழை இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்" என்றாள். கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியார் விடவில்லை. பரீட்சை வைப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார் — மேடை எந்தத் திசை, பாடகர் என்ன நிறச் சட்டை. எல்லாவற்றுக்கும் விடைத்தாள் நான் எழுதியது. அதில் இருப்பதைச் சொன்னால்தான் மதிப்பெண். உண்மையாக அங்கே நின்றவள் ஒவ்வொரு கேள்வியிலும் தோற்றாள்.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "அக்கா. நீ சொல்லு."

எழுந்து அவள் கையைப் பிடித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, மெதுவாகத்தான் சொன்னேன். "வா, வீட்டுக்குப் போலாம். காலைல மாத்திரை போட்டியா?"

அது இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் குறைவு என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மாடி முழுக்க 'ச்சொ' என்று ஒரு சத்தம்.

ஏப்ரல் 8, திங்கள்

"ஏன்க்கா?"

"என் டிக்கெட்."

"டிக்கெட்டுதான உன்னுது?"

போட்ட காபி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. யாராவது கொட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 20, சனி

நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நானும் போனேன். எதற்கு? அவளிடம் ஏதாவது கிடைத்துவிட்டால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

கச்சேரிக்கு மறுநாள் தாளில் கூட்டத்தின் படம் இருந்தது. கடுகு கடுகாக முகங்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தன் முகத்தைத் தேடினாள். நானும் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து தேடினேன். எந்த முகமும் முகமாக இல்லை, எல்லாம் புள்ளிகள். மழையைப் பற்றிச் செய்தியில் ஒரு வார்த்தை கிடையாது.

கச்சேரி நாளின் தாளையும் புரட்டினேன். வானிலை மூலையில், 'மாலையில் ஆங்காங்கே லேசான மழைக்கு வாய்ப்பு.' விரலை வைத்துக் காட்டினேன்.

பூதக்கண்ணாடியை அந்த வரியின்மேல் கொண்டுவந்து வைத்தாள். "வாய்ப்புன்னுதான போட்டிருக்கு?" என்றாள். குரல் முன்புபோல இல்லை.

மே 5, ஞாயிறு

இன்று வாத்தியார் அறிவித்தார்: ஏழாம் மாடியின் கிடார்காரர் இருபத்தாறாம் தேதி நம் மாடிக்கு வருகிறார். விபத்தில் தப்பியவர், இப்போது வாத்தியங்கள் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறாராம். கீச்சு நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே போய், ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மே 6, திங்கள்

தங்கை இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டாள். "அவரு சொல்லுவாருக்கா" என்றாள். மிரட்டலாக இல்லை. பரிதாபமாக, என்னையும் அவரே வந்து காப்பாற்றுவார் என்பதுபோல.

"நீயாச் சொல்லிடு. அவரு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றும் சொன்னாள்.

மே 17, வெள்ளி

ஒரு கிழவருக்கு நாலு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. கை நீலமாகிவிட்டது. மேலாளர் கூப்பிட்டு, என்னம்மா உனக்கு என்றார்.

மே 26, ஞாயிறு

தங்கை ஒரு நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் வரக் கூடாது என்று வாத்தியார் சொல்லவில்லை. கடைசி நாற்காலி, கதவோரம், அவ்வளவுதான்.

கிடார்காரர் நான் நினைத்ததைவிடக் கிழவராக இருந்தார். ஒரு காதில் கருவி. மூன்று மாடி ஏறியவர்போல மூச்சு வாங்கியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதும் யாருக்கு என்று திரும்பிப் பார்த்தார். கேட்கிறவனே இல்லாமல் இருபது வருடமாகப் பழுதுபார்த்துக்கொண்டு கிடந்த மனுஷன். எங்கள் மாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தார். யாரோ தன்னைத் திருப்பிக் கொடுத்ததுபோல.

தங்கை எழுந்தாள். "சார், ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

வாத்தியார் முகம் சுருங்கியது. கிடார்காரர் அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்புறம் எதிர்ச் சுவரைப் பார்த்தார் — அங்கே கல்லூரிப் பெண் வரைந்து மாட்டிய பெரிய படம், மழையில் நனைந்தபடி பாடகர். கீழே மலர்கூட வைத்திருந்தோம்.

"பெஞ்சுதும்மா" என்றார். "நல்லாப் பெஞ்சுது. என் கிடார் உப்பிப்போய் ஒரு வாரம் வெயில்ல வச்சேன்."

மாடி இடிந்துவிடுகிற மாதிரிக் கைதட்டல். நானும் தட்டினேன். பல் டாக்டர் அழுதார். கிடார்காரரும் அழுதார். நான் திரும்பிப் பார்க்கும்போது கடைசி நாற்காலியில் ஆளில்லை.

புறப்படும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது? விபத்துக்கு அப்புறம் எனக்கு அந்த நாள் சுத்தமா அழிஞ்சு போச்சும்மா. நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துது. உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்."

நான் ஜெயித்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் வாந்தி எடுத்தேன்.

மே 29, புதன்

சாப்பிடுகிறாள். குளிக்கிறாள். பாட்டு மட்டும் போடுவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் அந்த முனை அவளிடம், இந்த முனை என்னிடம்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. அன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப... என் செருப்புல சேறு இருந்துச்சா?"

போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் அப்படியொரு பயம். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரிப்பதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவளுக்கு இனி அந்தக் கச்சேரிகூட வேண்டாம். தன் தலை சரியாக இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்; அம்மா அன்றைக்கு மயக்கத்தில் இருந்தாள், இன்றைக்கு உயிரோடே இல்லை.

புழுதி. காய்ந்த புழுதி. இந்த நிமிஷமும் கண் முன்னால் நிற்கிறது.

"இருந்துச்சு" என்றேன். "வார்டெல்லாம் சேறாக்கிட்டேன்னு நர்ஸ் கத்துனா. நான்தான் துடைச்சேன். மறந்துட்டியா?"

தலையை மெல்ல ஆட்டினாள். போர்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஏன்டி இப்படி? ஏன் அப்படிச் சொன்னே? அவ ஒண்ணும் பிடுங்க வரலியே இப்ப. கெஞ்சிக்கிட்டுதானடி நின்னா. ஒத்த வார்த்த. ஒத்த வார்த்த சொல்ல மாட்டாம —

ஜூன் 10, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்றும்.

ஜூன் 23, ஞாயிறு

அவளாகவே வாத்தியாருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டாளாம். "எனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாளாம். வாத்தியார் எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னார் தெரியுமா! "உன் தங்கச்சி ரொம்ப நல்ல பொண்ணும்மா. எப்ப வேணும்னாலும் வரச்சொல்லு. கேக்கறதுக்குத் தடையே இல்ல."

ஜூலை 1, திங்கள்

தங்கைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாலர் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் காலையில் எனக்கு முன்பே கிளம்பிவிடுவாள்.

ஜூலை 13, சனி

இருபத்தைந்தாம் வருடத்துக்குப் புத்தகம் போடுகிறார்கள். என் கட்டுரைதான் முதலில். "அந்தப் பழைய ரெண்டு பத்தி போதாதும்மா. ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும், ஒவ்வொரு பாட்டா எழுது" என்கிறார் வாத்தியார். மூன்று மாலையாக உட்கார்ந்து பார்க்கிறேன். கரண்ட் போகிறது, அவர் பாடுகிறார், மழை பெய்கிறது. அதற்கு முன்னால் என்ன? அப்புறம் என்ன? ஒன்றுமில்லை.

தங்கை தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகக் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கரண்ட் போனப்ப பக்கத்துல ஒரு அம்மா கையைப் பிடிச்சாங்கன்னியே. அப்புறம் என்னடி ஆச்சு? திரும்ப கரண்ட் வந்துச்சா? எந்தப் பாட்டோட முடிச்சாங்க?"

கத்திரிக்கோலை நிறுத்தினாள். யோசித்தாள், நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"தெரியலக்கா. எனக்கு நிச்சயமா எதுவும் தெரியல. நான் ஏதாவது சொல்லப்போய் உனக்குத் தப்பாயிடும்." மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

எழுதி முடித்துவிட்டேன். ஏழு பக்கம். முழுக்க நானே செய்தது.

அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேனா? ஜன்னலோரம் நின்று, ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். முடித்ததும் பக்கங்களைத் தட்டி ஒழுங்காக்கி மேஜையில் வைத்தாள்.

"நல்லா இருந்திருக்கும்லக்கா" என்றாள்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.